அன்பிளக்டுக்கு ஏற்ற பாட்டு எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்கருவி ஒலி இல்லாமல் ஒன்றிரண்டு வாத்தியங்களோடு பாடும் அக்கூஸ்டிக், அதாவது அன்பிளக்டு, நிகழ்ச்சியில்தான் பாடகரின் உண்மையான திறமை தெரியும், மற்றதெல்லாம் மெஷின் வேலை என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி.

ஒரே ஒரு கிட்டார் துணையோடு பாடும்போது சுருதி விலகினால் மறைக்க முடியாது, மூச்சை எங்கே எடுக்கிறார் என்பதுகூடக் கேட்கும், அதுவரை வாத்தியங்களுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த வரி அப்போதுதான் காதில் விழும். ஆனால் பாட்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டுமே. 1982இல் வந்த இளையராஜாவின் 'இளைய நிலா' தொடங்குவதே கிட்டாரில்தான். அதை இப்படிப் பாடினால் பெரிதாக எதுவும் குறையாது.

குத்துப்பாட்டு அப்படியா? இங்கே சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் பார்த்தேன். தவிலும் பறையும் கிளப்ப வேண்டிய பாட்டுக்கு ஒரு தம்பி கஹோன் பெட்டிமேல் உட்கார்ந்து விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார், பாடகி கண்ணை மூடி, வேகத்தைப் பாதியாக்கி, உருகி உருகிப் பாடினார். வரிகளோ மாமன் மகளைக் கேலி செய்கிற வரிகள்! என் பக்கத்தில் இருந்த பாட்டி, "பாவம், அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

1992இல் 'ரோஜா' வந்ததிலிருந்து ரஹ்மான் பாட்டுகளில் கீபோர்டு ஒலியும் பேஸும் அடுக்கடுக்காக வருவதை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அதுவும் இசையமைப்புதானே? அதை உரித்து எடுத்துவிட்டால் மெட்டு மிஞ்சும், பாட்டில் பாதி போய்விடும்.

அப்புறம், இந்த 'மெஷின் இல்லாத' இசையிலும் மெஷின் உண்டு. அமெரிக்க ராக் குழு நிர்வாணா 1993இல் எம்டிவியின் 'அன்பிளக்டு' டிவி நிகழ்ச்சிக்கு வாசித்தபோதே அதன் பாடகர் கர்ட் கோபேன் தன் கிட்டாரை, ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல், ஆம்ப்ளிஃபையர் வழியாகவும் ஒலிக்கவிட்டார். தப்பே இல்லை. மைக் இல்லாமலே ஒலி பரவுகிற மாதிரி கட்டிய எஸ்பிளனேட் கச்சேரி அரங்கம் வேறு, ஏர்கான் இரைச்சலோடு இருக்கும் மன்ற மண்டபம் வேறு. அதே எஸ்பிளனேடில் தண்ணீர் ஓரத்தில் இருக்கும் திறந்தவெளி மேடையில் மைக்கை எடுத்துவிட்டால் பின்வரிசைக்கு என்ன போய்ச் சேரும்? மன்றங்களில் கிட்டாரின் பிக்கப்பை, அதாவது ஒலியை மின்சாரமாக்கும் கருவியை, நேராக ஸ்பீக்கரில் செருகிவிடுகிறார்கள், சத்தம் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி 'டொய்ங்' என்று வருகிறது, அதைச் சரிசெய்ய ஒலி தெரிந்த ஆள் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. அந்த ஆளுக்குக் கொடுக்கிற காசில்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது.

ஏற்பாட்டாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மெலடிகளை அன்பிளக்டாகத் தாராளமாகப் போடுங்கள், நானே டிக்கெட் வாங்கி வருகிறேன். தீபாவளிக்குக் குத்துப்பாட்டு வைப்பதாக இருந்தால் மட்டும் தவில்காரர் ஒருவரைக் கூப்பிட்டுவிடுங்கள். மேடையில் இடம் போதாதென்றால் கஹோனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்