தவளை நிற ஆய்வுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில், பாகூர் வட்டாரத்து வயல்காரர்களுக்கும், கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனித் தொழிலாளர்களுக்கும், எங்கள் களப்பணியில் தோள்கொடுத்த மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

நிலத்தோடு நிலமாகத் தவளையை மறைத்துவைக்கும் நிறம் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகிறது, எந்த மரபணுக்கள் அதை ஆள்கின்றன என்பதே எங்கள் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டோம். அதன் முன்பக்கத்தில் நன்றிக்கு இருக்கும் இடம் சில வரிகள்தான். யாருடைய உதவி ஆய்வின் எந்தப் பகுதியைத் தாங்கியது என்பதை அதில் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறோம்.

முதல் நன்றி வயல்காரர்களுக்கு. நடவின்போது சேற்று நிறம், தூர் கட்டியதும் பச்சை, அறுப்புக்குப் பின் காய்ந்த தாளின் மஞ்சள் என்று ஒரே சம்பா வயல் சில மாதங்களுக்குள் மூன்று நிறம் காட்டிவிடுகிறது. தவளையின் மரபணு அந்த வேகத்தில் மாறாது. வயல் தவளைகளில் முதுகின் நடுவே வெளிர்க் கோடு ஓடுகிறவையும் கோடே இல்லாதவையும், மண் பழுப்பும் பச்சைச் சாயலும் ஒரே வரப்பில் சேர்ந்து வாழ்கின்றன. ஏதாவது ஒரு நிறம் மட்டும் நிலைத்து மற்றவை ஒழியாமல் இருப்பதற்கு, மாறிக்கொண்டே இருக்கும் இந்த நிலம் காரணமா என்பதுதான் எங்கள் மையக் கேள்வி. அதற்கு விடை தேட, தவளையைக் கண்ட தேதி போதாது. அன்றைக்கு அந்த வயல் எந்த நிலையில் இருந்தது என்று தெரிய வேண்டும். செயற்கைக்கோள் படத்தை நம்பினால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம்தான் கிடைக்கும். நாற்று விட்டது, நட்டது, களை எடுத்தது, தண்ணீர் வடித்தது, மருந்து அடித்தது என்று நீங்கள் குறித்துக்கொடுத்த நோட்டுகள்தான் எங்கள் கணக்குக்கு அடித்தளம். மருந்து அடித்த நாளை மறைக்காமல் சொன்னதற்குத் தனியாக நன்றி. அந்த வயலின் தவளைகளை நிறக் கணக்கிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. மருந்து பட்டு அயர்ந்துபோன தவளைக்கு ஹார்மோன் மாறும், அதோடு நிறமும் மாறும்.

இரவில் வரப்பில் எங்களோடு நடந்த தம்பி தங்கைகளிடம் "முதலில் படம், பிறகுதான் கை" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டோம். காரணம் தவளையின் தோலுக்குள் இருக்கிறது. அங்கே நிறச் செல்கள் மூன்று அடுக்காக அமைந்திருக்கின்றன. மேலே மஞ்சள் நிறமி, நடுவில் ஒளியைத் திருப்பி அனுப்பும் குவானின் படிகங்கள், அடியில் கறுப்பான மெலனின். பெரும்பாலான தவளைகளில் பச்சை நிறமி என்று தனியாக எதுவும் கிடையாது. நடு அடுக்கு திருப்பும் நீல ஒளி மேலே உள்ள மஞ்சளைத் தாண்டி வரும்போது நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. அடியிலுள்ள மெலனின் துகள்கள் செல்லின் கிளைகளுக்குள் பரவினால் தோல் கறுக்கும். செல்லின் நடுவில் குவிந்தால் வெளுக்கும். பரப்புவது மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் சுரக்கும் ஆல்ஃபா எம்எஸ்எச் என்னும் ஹார்மோன், குவிப்பது மெலடோனின் என்னும் ஹார்மோன். பிடிபட்ட தவளையில் சில நிமிடங்களிலேயே சாயல் நகரத் தொடங்கலாம். கையில் எடுத்த பிறகு எடுக்கும் படத்தை மண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகும்.

படத்தில் தவளைக்குப் பக்கத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையும் அது உட்கார்ந்திருந்த மண்ணும் சேர்ந்து விழ வேண்டும். ஜேபெக் படம் ஆகாது, கேமரா திருத்தாத ரா கோப்புதான் வேண்டும். கேமரா தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்திவிட்டால் அளக்க எதுவும் மிஞ்சாது. ஈரத் தோலில் ஃபிளாஷ் மினுங்கினால் அந்த இடம் வெறும் வெள்ளையாகப் பதியும், அதனால் விளக்குக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி. இத்தனையும் எதற்கென்றால், தவளையைத் தின்னும் மடையானும் கொக்கும் பார்ப்பது நாம் பார்ப்பதுபோல அல்ல. நிறம் அறிய நமக்கு மூன்று வகைக் கூம்புச் செல்கள், பறவைக்கு நான்கு. படத்தின் அளவுகளைப் பறவைக் கண்ணுக்கு மாற்றிக் கணக்கிட அந்தச் சாம்பல் அட்டையே ஆதாரம். மழைக்குள் குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டுத் தாங்கள் நனைந்த பாகூர் இளைஞர்களே, அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் கணக்குக்குள் வந்திருக்கின்றன.

பண்ருட்டி முந்திரித் தோப்புகளில் மண் எடுக்க விட்டவர்களுக்கு நன்றி. செம்மண்ணும் காட்டுமன்னார்கோயில் பக்கத்து வண்டலும் இல்லாமல் எங்களுக்கு ஒப்பீடே கிடையாது. மண்ணை ஏன் மறுபடி நனைத்து அளந்தோம் என்று பலர் கேட்டீர்கள். காய்ந்த மண் வெளுத்துப்போகும். தவளை கிடந்தது ஈர மண்ணில்.

குறிஞ்சிப்பாடித் தையல்கார அண்ணனின் பைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தவளையை வைக்கும் பருத்திப் பை சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். வெள்ளைப் பையில் போட்டால் வெளுக்கும், கறுப்புப் பையில் போட்டால் கறுக்கும். தையல் ஓரம் வெளிப்பக்கம் வர வேண்டும், உள்ளே இருந்தால் நூலில் விரல் சிக்கி ஒடியும். துணியின் கஞ்சி முழுக்கப் போகும்வரை அலச வேண்டும், சோப்பு கூடாது. தவளைத் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டு அப்படியே தைத்துக் கொடுத்தார்.

முதுநகர் ஐஸ் கம்பெனிக்காரர்கள் நடுச்சாமத்திலும் கதவு திறந்தார்கள். டிஎன்ஏ மாதிரிக்கு ஐஸ் தேவையில்லை. வாயின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் அரை நிமிடம் மெதுவாகத் துடைத்து 95 சதவீத எத்தனாலில் போட்டால் போதும், தவளை உயிரோடு அதே வரப்புக்குத் திரும்பிவிடும். ஆனால் எந்த மரபணு தோலில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க மரபணுவின் செயல் நகலான ஆர்என்ஏ வேண்டும், அது எளிதில் சிதையும். மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் சிறு தோல் துணுக்கைக் காப்புக் கரைசலில் போட்டு ஓர் இரவு 4 டிகிரியில் ஊறவைத்த பிறகுதான் உறைய வைக்கலாம். கரைசல் உள்ளே இறங்குவதற்கு முன்பே உறைந்துவிட்டால் அது பாதுகாக்காது. மீனுக்குப் போடுவதுபோல ஐஸில் உப்புக் கலந்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், உப்புப் படாத ஐஸாகப் பார்த்து எடுத்து வைத்தீர்கள்.

நெல்லிக்குப்பத்தில் மாடியை விட்டுக்கொடுத்த குடும்பத்துக்கு என்ன கைமாறு செய்வது என்று தெரியவில்லை. நிறம் மரபா, வளர்ந்த இடமா என்று பிரித்தறிய ஒரே ஜோடியின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் செங்காவித் தொட்டியிலும் மறு பாதியைக் கறுப்புத் தொட்டியிலும் வளர்க்க வேண்டும். உள்ளே பெயிண்ட் அடித்த தொட்டி ஆகாது. குளோரின் போகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு தலைப்பிரட்டை, அதற்கு மேல் நெருக்கினால் அம்மோனியா ஏறும். வேகவைத்த கீரை கொஞ்சமாக. மிஞ்சினால் அன்றே எடுத்துவிட வேண்டும். முன்னங்கால் வெளியே வந்ததும் தொட்டியைச் சாய்த்துக் கரை காட்ட வேண்டும். செவுள் ஒடுங்கி நுரையீரலுக்கு மாறும் கட்டம் அது, ஏற இடம் இல்லாவிட்டால் குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய பொறி. பழ ஈயை மட்டும் தின்று வளரும் குட்டித் தவளைக்கு, இரையிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறமியான கரோட்டினாய்டு போதாமல் மஞ்சள் குறையலாம். மஞ்சள் குறைந்தால் பச்சை மங்கி நீலம் தட்டும். அதை மரபணு வேறுபாடு என்று எழுதிவிடுகிற ஆபத்து உண்டு. அந்த வீட்டு அக்கா சிள்வண்டுகளுக்கு முதல் நாளே கேரட்டும் பூசணியும் போட்டு, பிறகு அவற்றைத் தவளைகளுக்குக் கொடுத்து அந்தக் குறையைத் தடுத்தார். இரண்டு தொட்டிக்கும் ஒரே அளவு இரை போட்டதும் அவர்தான். அளவு மாறியிருந்தால் ஒப்பீடு முழுவதும் வீண்.

களிமண் தவளை செய்த பள்ளிப் பிள்ளைகளே, உங்களுக்கும். எதிரிகள் தாக்குகின்றனவா என்று பார்க்க வயலில் வைத்தது உலராத களிமண். மறுநாள் அதில் கொத்து விழுந்திருந்தால் பறவை, இணையான பல் கீறல் இருந்தால் எலி. நகம் பட்ட தடம் அலகுத் தடம்போலவே தெரியும் என்பதால், வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தண்ணீர் தொட்டு வழவழப்பாக்கினீர்கள். அது சின்ன வேலை அல்ல.

புதுச்சேரியில் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் தோல் மாதிரிகளில் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனை ஓடாதபோது வழி காட்டினார்கள். மெலனின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து நொதியைத் தடுக்கிறது. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்தாலோ மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் அல்புமின் புரதம் சேர்த்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். மெலனினை ஆளும் எம்சி1ஆர் மரபணுவின் புரதக் குறிப்பு ஒரே துண்டாக, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான டிஎன்ஏ எழுத்துகளில் முடிவதால் அதை நேரடியாகப் படிக்கலாம். முதுகுக்கோடு அப்படி எளிதில் பிடிபடாது. எத்தியோப்பிய மேட்டுநிலப் புல்வெளித் தவளைகளில் அந்தக் கோடு ஏசிப் என்னும் மரபணுவோடு தொடர்புடையது என்று 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் வயல் தவளையில் எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு அதுவே எங்களுக்கு வழி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சமயத்தில் உறைபெட்டியின் கதவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி. கரண்ட் இல்லாதபோது, மூடியே இருக்கும் பெட்டிதான் குளிரைக் காக்கும்.

அனுமதிக் கடிதங்களைப் பொறுமையாகப் பார்த்துக் கையெழுத்திட்ட வன அலுவலர்களுக்கும், பூட்ஸ் சேற்றைப் பிரஷால் தேய்த்த பிறகே கிருமிநாசினி போடவிட்ட ஓட்டுநர்களுக்கும் நன்றி. சேறு இருந்தால் பிளீச்சிங் கரைசல் வேலை செய்யாது, தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அதுவே வழியாகிவிடும். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் கேனில் பிடித்து வந்ததும் அவர்களே.

முட்டையிட்ட ஜோடிகள் எல்லாம் பிடித்த அதே குட்டைக்கே போய்விட்டன. தொட்டியில் வளர்ந்தவற்றை மட்டும் நோய் பரவக் கூடாதென்று வயலில் விடவில்லை, பராமரிப்பிலேயே வைத்திருக்கிறோம். உங்கள் நோட்டுகளை நகல் எடுத்துக்கொண்டோம். மூல நோட்டுகள் அடுத்த நடவுக்கு முன் அவரவர் வீட்டுக்கு வந்து சேரும். கூடவே ஆய்வின் தமிழ்ச் சுருக்கமும், உங்கள் வயலில் எடுத்த தவளைப் படங்களும் இருக்கும்.

நன்றியுடன்,
தவளை நிற ஆய்வுக் குழு,
கடலூர் – புதுச்சேரி