சுவிட்ச் நிலையை ஸ்கிரிப்டில் எடுப்போர் கவனத்துக்கு

குழு நண்பர்களே, எஸ்என்எம்பி (நெட்வொர்க் சுவிட்ச் போன்ற கருவிகளிடம் அவற்றின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) ஸ்கிரிப்ட் பற்றிய கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் இந்தக் குறிப்பு.

"டைம்அவுட்" (காத்திருந்தும் பதில் வரவில்லை என்ற செய்தி) வந்தாலே சுவிட்ச் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி-யில் கம்யூனிட்டி பெயர் (கேள்வியோடு அனுப்பும் கடவுச்சொல் மாதிரி) ஓர் எழுத்து தப்பினாலும் சுவிட்ச் பிழை சொல்லாது, பதிலே தராது. முதலில் பிங் (சுவிட்ச்சை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் கட்டளை). அதற்குப் பதில் வந்தால் கம்யூனிட்டி, சுவிட்ச்சின் அனுமதிப் பட்டியல், ஃபயர்வாலில் யுடிபி 161 (எஸ்என்எம்பி கேள்வி போகும் வழி), இந்த வரிசையில் பாருங்கள்.

லினக்ஸின் நெட்-எஸ்என்எம்பி கருவிகள் இயல்பாக 1 நொடி காத்திருந்து, மேலும் 5 முறை முயலும். ஆக, பதில் தராத ஒரு சுவிட்ச்சுக்கு 6 நொடி. 50 சுவிட்ச் விழுந்தால் 5 நிமிடம் அதிலேயே போச்சு! உள் நெட்வொர்க்குக்கு ரீட்ரை (மறுமுயற்சி) 1 போதும். கேள்விகளை வரிசையாக விடாமல் இணையாக அனுப்புங்கள்.

போர்ட் நிலையைக் கேட்க வேண்டிய ஓஐடி (ஒவ்வொரு தகவலுக்கும் எஸ்என்எம்பி-யில் உள்ள எண்): 1.3.6.1.2.1.2.2.1.8. மதிப்பு 1 என்றால் அப், 2 என்றால் டவுன். ரீபூட்டுக்குப் பின் இன்டெக்ஸ் எண் (போர்ட்டுக்கு சுவிட்ச் தரும் எண்) மாறலாம், அதனால் போர்ட்டை எண்ணால் அல்ல, 1.3.6.1.2.1.31.1.1.1.1 தரும் பெயரால் அடையாளம் காணுங்கள்.

டிராஃபிக்குக்கு 32 பிட் கவுன்டர் (போர்ட் வழியே போகும் பைட்டுகளை எண்ணுவது) வேண்டவே வேண்டாம். முழு வேகத்தில் ஓடும் 1 ஜிகாபிட் போர்ட்டில் அது சுமார் 34 நொடியில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்; 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் கிடைப்பது குப்பை. 64 பிட் கவுன்டர் 1.3.6.1.2.1.31.1.1.1.6, வெர்ஷன் 1-இல் கிடைக்காது.

அப்டைம் (தொடர்ந்து ஓடிய நேரம்) நொடியில் அல்ல, நொடியின் நூறில் ஒரு பங்கில் வரும். 497 நாளில் அதுவும் சுற்றிவிடும். "ரீபூட் ஆச்சு" என்று அலறும் முன் லாக்கைப் பாருங்கள்.

ஸ்கிரிப்டைக் குழுவில் போடும்போது கம்யூனிட்டி பெயரை அழித்துவிட்டுப் போடவும்.