எங்கள் இசைத்தட்டுக் கடையில் பாப் ஏன் இவ்வளவு, மற்றது ஏன் இவ்வளவு குறைவு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "எந்த ரேக்கைப் புரட்டினாலும் அதே பாப் பாடகர்கள்தானா? வித்தியாசமா ஒண்ணும் வராதா?" என்று கடையில் பலர் கேட்கிறீர்கள். பில் போட்டுக்கொண்டே இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

பெரிய லேபிள்களுக்கு (இசை வெளியிடும் நிறுவனங்களுக்கு) ரசனை கிடையாது என்று சொல்லிவிடுவது சுலபம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை; அவர்களுடைய கணக்குதான் அப்படி. புதிதாக ஒருவரை ஒப்பந்தம் செய்தால் முன்பணம், ஸ்டுடியோ வாடகை, வீடியோ, விளம்பரம் என்று முதல் போடுவது லேபிள்தான். கலைஞருக்கு விற்பனையில் வரும் பங்கான ராயல்டியிலிருந்து அதைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் ஆல்பம் விற்கவில்லை என்றால் கழிக்க என்ன இருக்கிறது? போட்டது போட்டதுதான். பெரும்பாலான ஆல்பங்கள் இப்படித்தான் முடிகின்றன. ஓடுகிற ஒன்றிரண்டு மற்ற எல்லாவற்றின் நஷ்டத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். எனவே ஐயாயிரம் பேர் உயிராக நேசிக்கப்போகும் ஆல்பத்தைவிட, ஐம்பது லட்சம் பேர் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லப்போகும் பாட்டில்தான் பணம் போடத் துணிகிறார்கள்.

லண்டனின் டாக் டாக் குழுவுக்கு நடந்ததைப் பாருங்கள். 1986இல் அவர்களுடைய 'த கலர் ஆஃப் ஸ்பிரிங்' நன்றாக விற்றது. அந்தத் தெம்பில் அவர்களுடைய லேபிளான இஎம்ஐ அடுத்த ஆல்பத்துக்குக் காசையும் காலத்தையும் தாராளமாகவே கொடுத்தது. 1988இல் கைக்கு வந்த 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தில் மொத்தம் ஆறே பாடல்கள். மெதுவாக, இடையிடையே மௌனத்தோடு நகர்பவை. வானொலியில் எதைப் போடுவது? ஒரு பாடலைச் சுருக்கி சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) விட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. குழுவுக்கும் நிறுவனத்துக்கும் இருந்த உறவு நீதிமன்றப் படியேறி முறிந்தது. இன்று போஸ்ட்-ராக் (ராக் கருவிகளை வைத்தே வழக்கமான பாடல் அமைப்பை விட்டு விலகும் இசை) என்று நீங்கள் தேடி வரும் இசைக்கு மூலம் எது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது அந்த ஆல்பத்தைத்தான். ஆனால் 1988ஆம் ஆண்டின் கணக்கேட்டில் அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அமெரிக்காவின் வில்கோ குழு விஷயத்தில் வேடிக்கையே நடந்தது. 2001இல் அவர்களுடைய 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தை ரீப்ரைஸ் லேபிள் வேண்டாம் என்றது. குழுவினர் ஒலிப்பதிவோடு வெளியேறி, தங்கள் இணையதளத்தில் எல்லோரும் இலவசமாகக் கேட்கும்படி போட்டார்கள். மறுவருடம் நான்சச் என்ற லேபிள் அதை வெளியிட, அமோகமாக விற்றது. ரீப்ரைஸ், நான்சச் இரண்டுமே வார்னர் குழுமத்தைச் சேர்ந்தவை! ஒரு கதவில் திருப்பி அனுப்பிய சரக்கை அதே வீட்டுக்காரர் இன்னொரு கதவில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

இப்போது தட்டிப் பார்க்கக் கதவுகளும் குறைந்துவிட்டன. 2012இல் இஎம்ஐயின் ஒலிப்பதிவுத் தொழில் யுனிவர்சலிடம் போன பிறகு யுனிவர்சல், சோனி, வார்னர் என்று மூன்றே பெரிய நிறுவனங்கள். அப்புறம் ஸ்ட்ரீமிங். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டுக்கும் இருபது நிமிட இசைக்கும் அதே ஒன்றுதான். நிதானமாகத் தொடங்கும் இசையை யார் விரும்பி வெளியிடுவார்கள், சொல்லுங்கள்.

சரி, நம் கடைக்கு வருவோம். பாப் எல்பிக்கள் (முழு ஆல்ப இசைத்தட்டுகள்) விநியோகஸ்தரிடம் சுலபமாகக் கிடைக்கின்றன, வந்த வேகத்தில் விற்றும் விடுகின்றன. கடை வாடகை அதில்தான் போகிறது. சிறிய லேபிள்கள் பெரும்பாலும் 300, 500 பிரதி அச்சிட்டு நிறுத்திவிடுவார்கள். அவற்றை வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்க வேண்டும். அனுப்பும் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் விலை எங்கோ போய்விடும். விற்காமல் தங்கினால் திருப்பி அனுப்பவும் வழியில்லை.

அதனால் இனி இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறோம். தேடும் ஆல்பத்தின் பெயரைக் கடையில் உள்ள நோட்டில் எழுதிவிட்டு, பாதிப் பணம் கட்டிவிடுங்கள். ஒரே லேபிளின் தட்டுகளைக் கேட்கிறவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்ததும் ஒரே பார்சலாக வரவழைப்போம். அனுப்பும் கூலியை எல்லோருக்கும் பங்கு பிரித்துக்கொள்ளலாம். ஆள் சேரவில்லை என்றால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பும். முதல் பட்டியலை மாதக் கடைசியில் அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் இசைத்தட்டுக் கடை