‘நின்றுகொண்டிருந்தது’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேய்க்கதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பல இடங்களில் தலையாட்டினேன், ஒரே ஓர் இடத்தில் முடியவில்லை. பேய்க்கதை என்பது ராத்திரியில் தனியாக, வாய்க்குள் படிக்க வேண்டியது, சபையில் எடுபடாது என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளலாம், எனக்கு அது பழகின சமாசாரம்.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் இருபத்தேழு வருஷம் புரூப் பார்த்தவன். ஈய எழுத்துக் காலத்தில் அது இரண்டு பேர் வேலை. ஒருவர் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார், மற்றவர் புரூப்பில் கண்ணை ஓட்டித் திருத்துவார். படிக்கிறவர் நிறுத்தக்குறியைக்கூட விடக்கூடாது. மாத நாவல் வேலை எப்போதும் ராத்திரியில்தான் வந்து சேரும். அப்படி ஒரு பேய்க்கதையை நான் படிக்க, எனக்கு மூத்தவர் ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார். “கதவு தானாகத் திறந்தது ஃபுல்ஸ்டாப் காற்று இல்லை ஃபுல்ஸ்டாப் விளக்கு ஒருமுறை அணைந்து கமா மறுபடி எரிந்தது ஃபுல்ஸ்டாப்.” ஏற்ற இறக்கம் கிடையாது, நடிப்பு கிடையாது. ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற குரல். ஏழெட்டுப் பக்கம் போயிருக்கும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, சித்த நிறுத்துங்க. மிஷின் ரூம் லைட்டைப் போட்டுட்டு வந்துடுறேன்” என்றார். அன்றைக்கு அவர் கோட்டைவிட்ட பிழைகளுக்கு மறுநாள் நான் திட்டு வாங்கினேன்.

அதே கதையை அவர் வாய்க்குள் படித்திருந்தால் லைட்டைத் தேடிப் போயிருக்க மாட்டார். கண் திருட்டுப் பயல். நாம் மூன்றாம் வரியில் இருக்கும்போதே பத்தியின் கடைசி வரியை ஓரமாகப் பார்த்துவிட்டு வந்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. அதிலும் நம் பாஷையில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. ‘நடுச்சாமத்தில், கிணற்றடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரத் தலையை உலர்த்தியபடி நின்று...’ இதுவரை கேட்டவர் ஒரு பெண்ணைத்தான் நினைத்திருப்பார். ‘நின்றுகொண்டிருந்தாள்’ என்று முடிந்தால் சரி. ‘நின்றுகொண்டிருந்தது’ என்று முடிந்தால்? ஒரு விகுதிதான். ஆனால் காது அதற்காகக் காத்திருந்தே ஆக வேண்டும், எவ்வளவு நேரம் என்பது வாசிக்கிறவர் கையில் இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் அவளா அதுவா என்று வாக்கியத்தின் வாசலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, பாவம்.

இருந்தும் உரக்க வாசிப்பதை அவர்கள்தான் பிடித்துக்கொண்டார்கள். கட்டுரையாளர் தன் கட்சிக்குச் சாட்சியாக, பேய்க்கதைகள் எழுதிய எம்.ஆர். ஜேம்ஸ் என்ற இங்கிலீஷ்காரரை அழைத்திருக்கிறார். அந்தச் சாட்சி என் பக்கத்து ஆள். 1893 அக்டோபர் 28 அன்று கேம்பிரிட்ஜில், சிட்சாட் சங்கம் என்ற சின்னக் கூட்டத்தில் அவர் இரண்டு பேய்க்கதைகளை வாசித்தார். பிறகு கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்குப் புதுக்கதை வாசிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மனிதருக்குத் தொழில் பேய்க்கதை இல்லை. பழைய சுவடிகளைப் படித்து அட்டவணை போட்ட பெரிய அறிஞர், பின்னாளில் கிங்ஸ் கல்லூரிக்கும் அதற்கப்புறம் ஈட்டன் பள்ளிக்கும் தலைவராக இருந்தவர். அந்த ராத்திரிகளில் உடன் இருந்த ஒருவர் எழுதி வைத்திருப்பது இது: மெழுகுவத்தி வெளிச்சத்தில் நண்பர்கள் காத்திருப்பார்கள். படுக்கையறையிலிருந்து ஜேம்ஸ் கையெழுத்துப் பிரதியோடு வெளியே வருவார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற மெழுகுவத்திகளை ஊதி அணைப்பார். மிச்சமிருக்கும் அந்த ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்குவார். பல தடவை கதையைக் கடைசி நேரத்தில்தான் எழுதி முடித்திருப்பார். கையெழுத்தோ, அவரைத் தவிர யாரும் அவ்வளவு தைரியமாகப் படித்திருக்க முடியாத கிறுக்கல். (ஒரு புரூப்காரனுக்கு மொத்த விவரத்திலும் வயிற்றைக் கலக்குவது இந்த இடம்தான்.) கதைகள் தொகுப்பாக வந்தது 1904இல். அதற்குப் படம் போட்டுக்கொண்டிருந்த ஜேம்ஸ் மெக்பிரைட் என்ற நண்பர் அந்த வருஷம் இறந்துபோனார். அவர் முடித்திருந்த நாலு படங்களோடு, அவர் ஞாபகமாகப் புத்தகம் வெளிவந்தது. முதல் வாசிப்புக்கும் தொகுப்புக்கும் நடுவில் பதினோரு வருஷம். ஒரே அறையில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தவர்களுக்காக எழுதப்பட்ட கதைகளை, தனியறைக் கதைகள் என்று எப்படிச் சொல்வது?

சபையில் எடுபடாது என்பதற்கு இன்னொரு பதில், 1816 ஜூன் மாதம் ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் நடந்தது. கோல்ரிட்ஜின் கவிதை ஒன்றைக் கவிஞர் பைரன் சொல்லச் சொல்ல, இன்னொரு கவிஞரான ஷெல்லி அலறிக்கொண்டு அறையைவிட்டு ஓடியிருக்கிறார். முகத்தில் தண்ணீர் தெளித்து ஆசுவாசப்படுத்திய டாக்டர் பாலிடோரி இதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஷெல்லி அந்தக் கவிதையைத் தனியாக வாய்க்குள் படித்திருந்தால் ஒரு பெருமூச்சோடு முடிந்திருக்கும்.

நாவலாசிரியர் டிக்கன்ஸ் சமாசாரம் வேறு. நான் சொல்ல வருவது பேயை அல்ல, அவர் மேடையில் வாசித்த ஒரு கொலையை. ஆலிவர் ட்விஸ்ட் நாவலில் நான்சியை அடித்துக் கொல்லும் கட்டத்தை மேடைக்கென்று தனியாகத் தயார் செய்து, 1868 நவம்பரில் அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டும் வாசித்துப் பரிசோதித்தார். ஒரு பெண் அலறினால் போதும், அரங்கம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும் என்று ஒரு டாக்டர் எச்சரித்தார். மனிதர் கேட்டாரா? அடுத்த ஜனவரியிலிருந்து ஊர் ஊராக அதையே வாசித்தார். அவர் கையில் வைத்திருந்த பிரதியின் ஓரங்களில் தனக்குத்தானே குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் ‘மர்மம்’ என்று, இன்னொரு பக்கத்தில் ‘முடிவு வரை பயங்கரம்’ என்று. புரூப் ஓரத்தில் எழுதியே காலம் தள்ளிய எனக்கு அந்த இரண்டு குறிப்புகளைப் பற்றிப் படித்தபோது உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. சாதாரணமாக 72 இருந்த டிக்கன்ஸின் நாடி, அந்தக் கட்டத்தை வாசித்து இறங்கும்போது 110ஐத் தாண்டியிருக்கிறது. அவருடைய டாக்டர் கூடவே இருந்து எண்ணிக்கொண்டிருந்தார். 1870 மார்ச் 15 அன்று கடைசி வாசிப்பு, ஜூன் 9 அன்று இறந்துவிட்டார். அந்த மேடைகள்தான் அவரைத் தின்றன என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ஜேம்ஸின் வழிதான் பிடிக்கிறது. நடிக்க வேண்டாம், குரலை மாற்ற வேண்டாம். எழுதியதை எழுதியபடி படித்தால் போதும், வாக்கியமே பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்கும் இது நடக்காமல் இல்லை. நியூயார்க்கில் கேஜிபி பார் என்று மாடியில் சின்ன இடம் ஒன்று, சுவரெல்லாம் பழைய சோவியத் சாமான்கள். மாதா மாதம் மூன்றாவது புதன்கிழமை மாய, திகில், அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் இரண்டு பேர் அங்கே தங்கள் கதையைத் தாங்களே வாசிக்கிறார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக. நுழைவுக் கட்டணம் கிடையாது.

நமக்கு இது புதிதா என்ன? பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை அப்படி ஏன் பெரிய எழுத்தில் அச்சானது? மண்ணெண்ணெய் விளக்கில் ஒருவர் வாசிக்க, திண்ணை நிறைய ஆட்கள் கேட்பதற்குத்தான் என்று நினைக்கிறேன். தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம், வாயைத் திறந்தால் திரும்ப முருங்கை மரம். இதைவிட நல்ல திகில் வாசிப்பு ஏது? யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணம் படிக்க, இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வீட்டில் ஒருத்தர் படிக்க மற்றவர்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டது என் அம்மா காலம். எங்கேயோ வாயை மூடிக்கொண்டோம். பவா செல்லதுரை போன்றவர்கள் கதை சொன்னால் இப்போதும் கூட்டம் கூடுகிறது, உண்மைதான். ஆனால் சொல்வது வேறு, வாசிப்பது வேறு. சொல்கிறவர் தன் வார்த்தையில் சொல்வார், அதுதான் அழகு. எழுதினவரின் அந்த ஒரு விகுதி அங்கே கிடைக்காது.

போன வருஷம் ஓர் அமானுஷ்யக் கதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். யார், எங்கே என்பது வேண்டாம். ஆறு மணி நிகழ்ச்சி, ஆறே முக்காலுக்குக் குத்துவிளக்கு. ஏழு பேச்சாளர்கள், ஆளுக்கொரு பொன்னாடை. மூன்றாவதாகப் பேசியவர் தொகுப்பின் நல்ல கதையின் முடிவை மேடையிலேயே போட்டு உடைத்தார், கைத்தட்டலும் வாங்கினார். எழுத்தாளரை ஏற்புரைக்கு அழைத்தபோது மணி ஒன்பதரை. மண்டபத்து வாட்ச்மேன் கடைசி வரிசையில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றரை மணி நேரத்தில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம்கூடக் காதில் விழவில்லை.

உங்கள் இதழின் ஆண்டு விழா வருகிறது. ஒரு பேச்சாளரைக் குறைத்துக்கொண்டு அந்த இருபது நிமிஷத்தை ஒரு திகில் எழுத்தாளருக்குக் கொடுத்துப் பாருங்கள். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை விளக்கு. அரங்க விளக்குகளை அணைத்துவிடுங்கள். பின்னணி இசை என்று யாராவது கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். செல்போனை வைத்துப் படிக்க வேண்டாம், முகத்தில் நீல வெளிச்சம் அடித்துக் காரியத்தைக் கெடுக்கும். தாளில் பெரிய எழுத்தாக அச்செடுத்துக் கொடுங்கள். வேண்டுமென்றால் புரூப் நான் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

அந்தத் தொகுப்பை அன்றைக்கே வாங்கி வந்தேன். முடிவு தெரிந்துபோன அதே கதையை, கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, எமர்ஜென்சி லைட்டை மேஜையில் வைத்துக்கொண்டு என் மனைவிக்கு வாசித்தேன். பழைய புரூப் குரல்தான், கமாவை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கடைசிப் பக்கத்தில் கையை நிறுத்திவிட்டாள். முடிந்ததும், “அந்த இடத்துல எதுக்கு அப்படி நிறுத்துனீங்க? வேணும்னே பயமுறுத்தத்தானே?” என்று கோபித்துக்கொண்டாள். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, விளக்கை நகர்த்திக் காட்டினேன். எழுதினவர் அங்கே ஒரு கமா போட்டிருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூப் ரீடர்,
மதுரை.