குவாரிக்குள் முதலில் ரோபோ இறங்கட்டும்

ஆசிரியருக்கு,

உக்ரைன் போர்முனையில் தளவாடம் கொண்டுசெல்லவும் காயமுற்றோரை மீட்டுவரவும் விலை குறைந்த ஆளில்லாத் தரை ரோபோக்கள் பயன்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய, வெடிகுண்டு அகற்றும் ‘தக்‌ஷ்’ ரோபோ 2011-லேயே ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய கருவிகள் ராணுவத்தோடு நின்றுவிடக் கூடாது. மாவட்டத் தீயணைப்பு நிலையம் வாங்கக்கூடிய விலைக்கு வர வேண்டும்.

2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினர், நால்வர் இறந்தனர். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் நேரில் பார்த்தேன்: மீண்டும் மீண்டும் பாறை உருண்டதால் மீட்பு வீரர்கள் பணியை நிறுத்தி மேலேயே காத்திருக்க நேர்ந்தது. அந்த நேரத்தில் கேமராவும் ஒலிவாங்கியும் பொருத்திய சிறு ரோபோ ஒன்று இறங்கியிருந்தால், யார் எங்கே உயிரோடு இருக்கிறார் என்றாவது தெரிந்திருக்கும். பாறையைப் புரட்ட அதனால் இயலாதுதான். ஆனால் தேடுவதற்காக இன்னோர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிராது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தீயணைப்பு வீரர்களின் ஆலோசனையோடு இதை வடிவமைக்க, குவாரி, சுரங்க உரிமையாளர்களிடம் திரட்டப்படும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து ஆட்சியர் தொகை ஒதுக்கலாம்.

– வாசகர், முன்னீர்பள்ளம்