வேரைப் பார்த்து வாங்கு, மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு
புரட்டாதி, கடைசிக் கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இத்தனை வருடம் கொழும்பில் இருந்துவிட்டு, கடைசியில் தம்பிலுவிலில் வீடு கட்டிக் குடிபுகுந்துவிட்டாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. தங்கச்சிக்குக் கடற்காற்று ஒத்துக்கொண்டதும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு மார்கழியில் இரண்டாவது பிள்ளை. எனக்கு முழங்கால் நோவு மட்டும்தான், மற்றப்படி குறையில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வளவு வெறும் மணலாகக் கிடக்கிறது, இதுவரை ஒரு செடிகூட வைத்ததில்லை, கன்று வாங்க எங்கே போவது என்று எழுதியிருந்தாய். கடையின் பெயரைச் சொல்வதைவிட, எந்த இடத்துக்குப் போனாலும் நீ எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் உனக்கு உதவும்.

எங்கள் கிணற்றடி ஜம்பு மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். போன ஆடியில் கச்சான் காற்று அடித்த ஓர் இரவில் அது சாய்ந்துவிட்டது. ஏழு வயது மரம், நல்ல காய்ப்பு. விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால், அடிவேர் வெளியே ஓடவே இல்லை. வாங்கின பையின் வட்டத்துக்குள்ளேயே ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, குடத்துக்கு வைக்கிற சும்மாடு மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்தில் நாலைந்து மெல்லிய வேர்கள்தான் இத்தனை நாளும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. பேத்தி அந்த மரத்தடியில்தான் விளையாடுவாள். வாங்கிய அன்று நான் இலையைப் பார்த்தேனே தவிர, வேரைப் பார்க்கவில்லை.

அதனால் முதலில் பையைத் தூக்கி அடியைப் பார். ஓட்டை வழியே வெள்ளை வேர்நுனி கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. தடித்த வேர் வெளியே வந்து நிலத்துக்குள் இறங்கியிருந்தால், அது பைக்குள் கிடக்க வேண்டிய காலத்துக்கு மேல் கிடந்த கன்று. பெரிய கன்று கெதியாகக் காய்க்கும் என்று சொல்லி விற்பார்கள், நம்பாதே. சின்னப் பையில் ஆள் உயரம் வளர்ந்து நிற்பதைவிட, முழங்கால் உயரத்தில், பென்சில் தடிப்புத் தண்டோடு நிற்கிற கன்றுதான் மணலில் வேர் பிடிக்கும். பையிலேயே பூவும் பிஞ்சுமாக நிற்கிற மாங்கன்றைப் பார்த்து ஆசைப்படாதே.

இரண்டாவது, விற்கிறவர் எப்படிப்பட்டவர் என்று பார். செங்கலடிப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டு வளவிலேயே நாற்றுமேடை வைத்திருக்கிறார். முதல் தடவை போய் முருங்கைக் கன்று கேட்டேன். "முருங்கைக்கு ஏன் தம்பி காசு? பக்கத்து வீட்டில ஒரு தடி கேட்டு வாங்கி ஊன்றுங்க" என்றார். செவ்வரத்தைக்கும் அதே பதில்தான். பிறகு தேசிக் கன்று ஒன்றை எடுத்து, பையை உள்ளங்கையில் கவிழ்த்து, மெல்லத் தட்டி, மண்ணோடு கழற்றிக் காட்டினார். மண் உதிரவில்லை. ஓரமெல்லாம் வெள்ளை வேர், சாணி கலந்த மண் வாசம். பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் பக்குவமாக வைத்தார். அன்று ஒரு தேசியும் ஒரு மாதுளையும் மட்டும் வாங்கி வந்தேன். இரண்டும் இப்போது காய்க்கின்றன. கேட்டதையெல்லாம் தலையில் கட்டாமல், 'இது உங்கள் மண்ணுக்குச் சரிவராது' என்று சொல்கிறவரிடம் வாங்கு மச்சான்.

கன்றை எங்கே வளர்த்தார்கள் என்றும் கேள். மலைநாட்டிலிருந்து லொறியில் இறங்குகிற ரோசா கடையில் கண்ணைப் பறிக்கும். நுவரெலியாக் குளிரில் வளர்ந்தது நம் கடற்கரை வெயிலை எப்படித் தாங்கும்? நான் வாங்கிய ஆறு ரோசாவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இங்கேயே பதியம் போட்டு வளர்த்ததாக இருந்தாலும், நிழல் வலைக்குள்ளேயே நின்ற கன்றை நேரே வெயிலில் வைக்கக் கூடாது. நல்ல நாற்றுமேடையில் விற்பதற்கு முன்னமே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குவார்கள். அப்படிச் செய்தார்களா என்று கேட்டுக்கொள்.

மா வாங்குவதென்றால் ஒட்டுக்கன்றே வாங்கு, அதாவது நல்ல மரத்தின் கிளையை வேறொரு கன்றின் அடிக்கட்டையில் ஒட்டி வளர்த்தது. மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும், விதைக் கன்றுக்கு அதைவிடக் கனகாலம் காத்திருக்க வேண்டும். ஒட்டு இடத்தைக் கையால் தடவிப் பார். இடைவெளி இல்லாமல் கூடியிருக்க வேண்டும், மேலே புதுத் தளிர் வந்து முற்றியிருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரை உடனே கிள்ளிவிடு. கறுத்தக் கொழும்பான் மா என்று ஒரு கடையில் வாங்கி வந்தேன். ஒட்டு பட்டுப்போய், அடிக்கட்டைத் துளிர்தான் மரமாகியிருக்கிறது. ஐந்தாறு வருடம் கழித்துக் காய்த்த பழத்தில் நார்தான். விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிச் சேவை பழக்கன்றுகளுக்கு அத்தாட்சி கொடுக்கிறது. அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதே. தென்னம்பிள்ளைக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையை விசாரி. உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்தால், கிட்ட உள்ள நல்ல இடங்களைச் சொல்வார்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். அநேகமாக அங்கே பஞ்சு மாதிரி மாப்பூச்சி ஒட்டியிருக்கும், அது விடுகிற தித்திப்பு நீருக்குத்தான் எறும்பு போகிறது. அடுத்தது, பைக்குள் கோரை முளைத்திருந்தால் கன்று எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம். கிழங்கோடு உன் வளவுக்கு வந்துவிட்டால் பிறகு பிடுங்கி முடியாது.

அவசரப்பட்டு வளவு நிறைய வாங்கிவிடாதே. ஐப்பசி மழை தொடங்கியதும் நாலைந்து கன்று வை. மணலில் நல்ல குழி வெட்டி, மாட்டெருவும் காய்ந்த சருகும் போட்டு நடு. மாரி முடிவதற்குள் வேர் கீழே இறங்கிவிட்டால், வருகிற கச்சானைத் தாங்கும். அப்புறம் அடுத்த மாரிக்கு மற்றவை.

முதல் மழை விழுந்த பிறகு வருகிற சனிக்கிழமை நீ இங்கே வா. செங்கலடிப் பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். காலையில் தண்ணீர் ஊற்றுகிற நேரத்துக்குப் போனால் எல்லாக் கன்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம். தங்கச்சியையும் கூட்டி வா, மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கறிவேப்பிலை மட்டும் வாங்காதே. எங்கள் மரத்தின் வேரில் வெடித்த இரண்டு கன்றை இப்போதே பையில் மாற்றி, தங்கச்சிக்கென்று கிணற்றடியில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி