எனக்கு முன்பே விழித்துக்கொண்டவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஊர் மக்களுக்கும் நமது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இம்மாத இறுதியுடன் இங்கு என் ஆறாண்டுப் பணி நிறைவடைகிறது. பிரிவு உபசாரக் கூட்டத்தில் என்னால் நான்கு வாக்கியங்களுக்கு மேல் பேச முடியவில்லை. நாக்கு மறுத்ததை எழுதியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்றே இம்மடலை எழுதுகிறேன். அன்று பேசியவர்கள் பலர் "டாக்டரம்மா எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்" என்றார்கள். அதைக் கேட்டபடி மேடையில் அமர்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு இரவிலும் எனக்கு முன்பே விழித்துக்கொண்ட ஒருவர் இருந்தார். அவர்களைப் பெயர் சொல்லாமல், செய்த வேலையைச் சொல்லி நினைவுகூர்கிறேன். பெயரை எழுதக் கூடாதென்று இருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கும் அதுவே ஆயிற்று.

முதல் நன்றி நம் ஆய்வக நுட்புநருக்கு. நான் வந்த இரண்டாவது மாதத்தில், நள்ளிரவு கடந்த வேளையில், காலில் பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிவந்தார்கள். பாம்பை யாரும் பார்க்கவில்லை. வீக்கமும் பெரிதாக இல்லை. படித்தபடியே 2 மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தேன். உறையாமல் நீராக ஓடியது. இரத்தத்தைத் தாக்கும் நஞ்சுதான் என்று முடிவுசெய்து முறிமருந்துக் குப்பிகளைத் திறக்கச் சொன்ன நேரத்தில், வீட்டிலிருந்து அழைக்கப்பட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்த அவர், "மேடம், இந்தக் குழாயை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். கழுவும் தொட்டியருகே கவிழ்த்து வைத்திருந்தவற்றில் ஒன்றை எடுத்திருந்தேன். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியில் நல்ல இரத்தமும் உறையாமல் போகலாம். இந்தச் சோதனைக்குப் புதிய, உலர்ந்த குழாய்தான் வேண்டும். அவர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அலமாரியைத் திறந்து புதுக் குழாய் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். இன்னுமொரு 20 நிமிடம் காத்திருந்தோம். இம்முறை சாய்த்தபோது இரத்தம் கட்டியாக அடியிலேயே நின்றது. முறிமருந்து தேவைப்படாத உடலில் அதை ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி வரக்கூடும். அன்று கையிருப்பும் குறைவு. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரு நாள் முழுவதும் கண்காணித்து, கடிபட்டவரை நடந்தே வீட்டுக்கு அனுப்பினோம். என் தவறை நுட்புநர் இந்த ஆறாண்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

பிரசவ அறையில் பதற்றம் கூடும்போதெல்லாம் சிஸ்டரின் குரல் தணிந்துவிடும். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகும் இரத்தம் நிற்காத ஒரு தாய்க்கு நான் திரவம் ஏற்ற இரண்டாவது இரத்தநாளத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சிஸ்டர் கருப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 10 யூனிட் தொடையில் போட்டுவிட்டு, ஒரு கையால் கருப்பையை வயிற்றின் மேலிருந்து பிடித்துத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். "இறுகுது டாக்டர், இறுகுது" என்று அவர் முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. இன்னொன்றையும் அவரிடம்தான் கற்றேன். இரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும் என்பதால், நனைந்த துணிகளைத் தராசில் வைத்து, அவற்றின் உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி என்று கணக்கிடுவார். எனக்கு "கொஞ்சம்தான்" என்று பட்டது அன்று அவருடைய தராசுக் கணக்கில் 700 மில்லியைத் தாண்டியிருந்தது.

தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையின் மகப்பேறு நிபுணருக்கும் கடன்பட்டிருக்கிறேன். எந்நேரத்தில் அழைத்தாலும் "சொல்லுங்க" என்றே எடுத்தார். இவ்வளவு தாமதமாகவா அனுப்புவீர்கள் என்று ஒருமுறைகூடக் கடிந்துகொண்டதில்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் இரத்த அழுத்தம் ஏறி வலிப்புடன் வந்த இரவில், வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட்டைச் சிரைவழி 4 கிராமும், இரு புட்டங்களிலும் 5 கிராம் வீதமும் செலுத்தி முடிக்கும்வரை அவர் தொலைபேசியை வைக்கவேயில்லை. மூச்சு எத்தனை, முழங்காலைத் தட்டினால் துடிக்கிறதா, சிறுநீர் இறங்குகிறதா என்ற மூன்று கேள்விகளையும், கர்ப்பிணியை அந்த மருத்துவமனைக்கு வண்டியில் கொண்டுசென்ற வழி நெடுக மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்த வழியைக் கடத்தியவர் நம் ஓட்டுநர். மழைக்குப் பின் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், எந்த வளைவில் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் கேட்காமலேயே அந்த வளைவுகளில் வண்டியை மெதுவாக்கினார். தாயும் குழந்தையும் நலம்.

இரவுக் காவலரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறிக்க அட்டை உண்டு. அதில் மூன்றாவதாக நள்ளிரவுப் பதிவையும் அவராகவே சேர்த்துக்கொண்டார். வெப்பம்தான் தடுப்பூசிக்கு எதிரி என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் வீணாகிவிடும். நீண்ட மின்வெட்டு ஏற்பட்ட ஓர் இரவில் அவர் குப்பிகளைக் குளிர்பெட்டிக்கு மாற்றியிருந்த விதத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். பனிக்கட்டிப் பொதிகளை உடனே உள்ளே வைத்துவிடாமல், வெளியே வியர்க்க விட்டு, ஒவ்வொன்றையும் காதருகே பிடித்துக் குலுக்கி, உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகே அடுக்கினார். யாரோ ஒரு பயிற்சியில் தடுப்பூசிப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டாராம்.

மருந்தாளுநருக்கு ஒரு தனிக் கும்பிடு. கேட்ட மருந்து வராத மாதங்களில், மேலிடத்துக்கு எழுதிய நினைவூட்டல்களைவிட அவர் பக்கத்து நிலையங்களிலிருந்து கைமாற்றாக வாங்கிவந்த பெட்டிகளே நம்மைக் காத்தன. அது குறித்து மேலும் எழுதினால் இது நன்றி மடலாக இராது.

ஆரம்ப சுகாதாரம் குறித்த உலக மாநாடு வெளியிட்ட 1978ஆம் ஆண்டின் அல்மா-அட்டா பிரகடனம், தம் நலப்பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்கிறது. தேர்வுக்குப் படித்த காலத்தில் அது எனக்கு இரண்டு மதிப்பெண் வரி. அதற்குப் பொருள் சொன்னவர் நம் கிராம சுகாதாரப் பணியாளர் அக்கா. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்றுவிடும். அப்போதே பலர் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று நான் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அக்கா அப்படிக் கேட்கமாட்டார். வாசலில் உட்கார்ந்து பொதுவாகப் பேசிக்கொண்டே, "சிறுநீர் இன்னும் ஆரஞ்சு நிறத்துல போகுதா?" என்பார். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் உள்ளே போனால் அந்த நிறம் வந்தே தீரும். தடுமாறியவரை அவர் திட்டியதில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அதே வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இறுதியாக ஒரு தாய்க்கு. உங்கள் குழந்தையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. மூச்சுவிடாமல் பிறந்த அந்தப் பெண் குழந்தைக்கு நாங்கள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று செலுத்திக்கொண்டே இருந்தோம், இதயம் துடிக்கவில்லை. அதன் பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். அடுத்த ஆண்டு, மகப்பேறு பரிசோதனைக்கு வரத் தயங்கிய உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துவந்து, வரிசையில் நிறுத்தி, அவர் முறை வரும்வரை கூடவே நின்றீர்கள். என்னிடம் எதுவும் பேசவில்லை. அன்று நான் சொல்லாமல் விட்ட நன்றி இது.

அடுத்து வரும் மருத்துவருக்காக, ஓட்டுநர் சொல்லச் சொல்ல நான் வரைந்த வழி வரைபடத்தை மேசையின் இடப்பக்க இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய்களின் அலமாரிச் சாவி நுட்புநரிடமே இருக்கிறது. அது அவரிடமே இருக்கட்டும்.

நன்றியுடன்,
உங்கள் மருத்துவ அலுவலர்